மேலாளர் ஓட்டும் காரில் விருந்தினராக: ஜப்பானில் எங்கே அமர்வது, எதில் கவனம் வேண்டும்?

கேள்வி: வாகன உதிரிப்பாக நிறுவனம் ஒன்றின் பணிக்காக, மனைவியுடனும் நான்கு வயது மகளுடனும் கோயம்புத்தூரிலிருந்து நகோயாவுக்கு வந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. என் ஜப்பானிய மேலாளர் வரும் ஞாயிறன்று தம் சொந்தக் காரில் எங்களை ஷிரகவாகோ கிராமத்துக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறார். யார் எங்கே அமர வேண்டும், செலவில் பங்கு தரலாமா, தெரியாமல் நேர்ந்துவிடும் தவறுகள் எவை?

பதில்: ஓர் அறையிலோ வாகனத்திலோ மதிப்புக்குரிய இடத்தை ஜப்பானியர் ‘கமிசா’ என்பார்கள். டாக்சியில் ஓட்டுநருக்கு நேர் பின்னால் உள்ள இருக்கைதான் கமிசா. வழி சொல்லவும் கட்டணம் செலுத்தவும் வேண்டியிருப்பதால் குழுவில் இளையவர் முன் இருக்கையில் அமர்வார். ஆனால் காரின் உரிமையாளரே ஓட்டும்போது இந்த வரிசை அப்படியே மாறிவிடுகிறது. அப்போது அவருக்குப் பக்கத்து இருக்கைதான் முதன்மை விருந்தினருக்கு உரியது. நம் ஊரில் மேலதிகாரி பின்னிருக்கையின் இடப்புறம் அமர்ந்து பார்த்துப் பழகிய நீங்கள், மரியாதை என்று எண்ணிக் குடும்பத்தோடு பின்னால் ஏறிக்கொண்டால், மேலாளரைக் கூலிக்கு ஓட்டுபவராக ஆக்கிவிட்டதாகத் தோன்றும். எனவே நீங்கள் முன்னால் அமருங்கள். மனைவியும் மகளும் பின்னால் அமரட்டும். மேலாளரின் மனைவியும் உடன் வந்தால் முன் இருக்கை பெரும்பாலும் அவருடையது. எதுவாயினும், கதவருகே ஒரு கணம் நின்று, அவர் கைகாட்டும் இடத்தில் “ஷிட்சுரெய் ஷிமாஸ்” (‘மன்னியுங்கள், ஏறிக்கொள்கிறேன்’ என்பது போன்ற மரியாதைச் சொல்) என்று சொல்லி ஏறுவதே பிழையில்லாத வழி.

முன் இருக்கைக்கு ஒரு கடமையும் உண்டு: அங்கே தூங்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத பயணத்தில் பக்கத்தில் இருப்பவர் குறட்டை விட்டால், ஓட்டுபவருக்கும் அலுப்புத் தட்டும். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். வழியைக் கைபேசியில் பார்க்க நேர்ந்தால் நீங்களே பார்த்து வாயால் சொல்லுங்கள். திரையை அவர் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடிப்பதற்கான தண்டனை 2019 டிசம்பரில் கடுமையாக்கப்பட்டது. சாதாரண காருக்கு அபராதம் 18,000 யென்.

இனி, இருக்கை மரியாதையைவிட முக்கியமான ஒன்றுக்கு வருகிறேன். ஜப்பானியச் சாலைச் சட்டத்தில் பயணி செய்யும் தவறு பெரும்பாலும் ஓட்டுநரின் உரிமத்தில்தான் ஏறும். 2008 ஜூன் முதல் பின்னிருக்கையில் இருப்பவர்களும் சீட் பெல்ட் அணிவது கட்டாயம். விரைவுச்சாலையில் உங்கள் மனைவி பெல்ட் அணியாமல் இருந்து காவலர் கண்ணில் பட்டால், ஒரு தண்டனைப் புள்ளி மேலாளர் பெயரில் பதிவாகும். அவரிடம் ஏற்கெனவே சில புள்ளிகள் இருந்து, மொத்தம் ஆறை எட்டினால் உரிமம் தற்காலிகமாக முடக்கப்படும். ஆகவே அவர் நினைவூட்டும் வரை காத்திராமல், ஏறியவுடன் மூவரும் பெல்ட்டை மாட்டிக்கொள்ளுங்கள். சாய்வு இருக்கையை முழுவதும் சாய்த்துப் படுக்கவும் வேண்டாம், ஏனெனில் அந்த நிலையில் பெல்ட் உடலைச் சரியாகப் பிடிக்காது.

உங்கள் கடிதத்தில் நீங்கள் குறிப்பிடாத, ஆனால் எனக்குக் கவலை தந்த விஷயம் மகளைப் பற்றியது. ஆறு வயது நிறையாத குழந்தைக்குத் தனிக் குழந்தை இருக்கை 2000 ஏப்ரலிலிருந்து கட்டாயம். டாக்சிக்கும் பேருந்துக்கும் விலக்கு உண்டு. “மடியில் வைத்துக்கொள்கிறோம்” என்ற நம் ஊர்ப் பழக்கம் சட்டப்படி தவறு. மோதலில் அந்த எடையை எந்தக் கையாலும் தாங்கவும் முடியாது. மேலாளரிடம் அந்த இருக்கை இருக்கும் என்று எதிர்பார்க்காமல், இன்றே அவரிடம் பேசி, இல்லையென்றால் வாடகைக்கு எடுத்து, ஞாயிறு காலை சற்று முன்னதாகவே பொருத்திவிடுங்கள். வழியில் 10 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஹிடா சுரங்கப்பாதை வரும். இருட்டுக்கு அஞ்சும் குழந்தையாக இருந்தால் முன்பே சொல்லி வையுங்கள்.

மது விஷயத்திலோ பயணியும் நேரடியாகச் சிக்குவார். ஓட்டுநர் குடித்திருப்பதை அறிந்தும் தன்னை ஏற்றிச் செல்லும்படி கேட்டு உடன் செல்பவருக்கு, ஓட்டுநரின் போதை அளவைப் பொறுத்து மூன்று ஆண்டுகள் வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம் விதிக்க 2007 திருத்தம் வழி செய்தது. ஓட்டப்போகிறவர் என்று தெரிந்தும் மது தருபவருக்கும் தண்டனை உண்டு. மதிய உணவின்போது நன்றிக்கடனாக அவருக்கு ஒரு பீர் வாங்கித் தரும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள்.

கதவைப் பற்றிச் சுருக்கமாக. டாக்சியின் இடப் பின்கதவை ஓட்டுநரே திறந்து மூடுவார்; அதைத் தொட வேண்டாம். சொந்தக் காரில் நீங்கள்தான் திறக்க வேண்டும்; ஓங்கி அறையக் கூடாது. மின்விசையால் நகரும் பக்கக் கதவாக இருந்தால் கைப்பிடியை மெல்ல ஒருமுறை இழுத்துவிட்டு விலகிவிடுங்கள். கையால் தள்ளி அவசரப்படுத்த வேண்டாம். வாகன நிறுத்துமிடங்கள் குறுகலானவை என்பதால், அடுத்த காரில் இடிக்காமல் கதவின் விளிம்பைக் கையால் பிடித்தபடி இறங்குங்கள். சாலையோரம் என்றால் பின்னால் மிதிவண்டி வருகிறதா என்று பார்த்து, இடப்புறமாக இறங்குவதே நல்லது.

கட்டுச்சோறு கொண்டுபோகலாம், ஆனால் எலுமிச்சைச் சாதத்தையும் ஊறுகாயையும் ஓய்விடத்தில் இறங்கிச் சாப்பிடுங்கள். நமக்கு மணமாக இருப்பது மூடிய காரில், குளிரூட்டிக் காற்றோடு, மறுநாளும் தங்கிவிடும். மல்லிகைச் சரத்தையும் தூக்கலான வாசனைத் திரவியத்தையும் அன்று தவிர்க்கச் சொல்வது எனக்கே சற்று வருத்தம்தான். குப்பைக்கு ஒரு பை எடுத்துச் சென்று உங்களோடே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

பணம். சுங்கக் கட்டணம் தானியங்கிக் கருவி வழியாகவே கழிந்துவிடுவதால் நீங்கள் கை நீட்டிக் கொடுக்கும் தருணம் வராது. பெட்ரோலுக்கும் சுங்கத்துக்கும் பங்கு தருவதில் சட்டச் சிக்கல் இல்லை. அதற்கு மேல் கூலி போல் கொடுத்தால் அது உரிமமில்லாத டாக்சி ஓட்டுவதாகிவிடும். ஓய்விடக் காப்பியும் மதிய உணவும் உங்கள் செலவாகட்டும். இரண்டாம் முறையும் அவர் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். பங்குத் தொகை கொடுப்பதானால் தாளாக நீட்டாமல் உறையில் வைத்துக் கொடுங்கள். இதைவிட, புறப்படும்போது ஒரு பெட்டி இனிப்பு கொடுப்பது அவருக்கு எளிதாக இருக்கும்.

வீட்டு வாசலில் இறங்கியதும் உள்ளே திரும்பிவிடாமல், கார் தெருமுனையில் மறையும் வரை மூவரும் நின்று தலை குனிந்து வழியனுப்புங்கள்; திங்கள் காலை அலுவலகத்தில் அவரைப் பார்த்ததும், வேலைப் பேச்சுக்கு முன் நேற்றைய பயணத்துக்கு இன்னொரு முறை நன்றி சொல்லுங்கள்.