கேடயத்தில் எழுதும் முன் அவருடைய லேப் நோட்டைத் திறங்கள்

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் 35 ஆண்டுகள் அழகுசாதன வேதியியலில் உழைத்த பெண் விஞ்ஞானி ஓய்வு பெறுகிறார். அவரைக் கௌரவிக்க என்ன செய்யலாம்?

விழாப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று நினைக்கிறேன். கேடயத்துக்குச் சொல்லியாகிவிட்டது, அதில் பொறிக்க இரண்டு வரி வேண்டும், அப்படித்தானே? நானும் அந்த இடத்தில் இருந்திருக்கிறேன். நான் செய்த தவறை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேடம் ஓய்வு பெற்றபோது வாழ்த்துரை எழுதும் வேலை என்னிடம் வந்தது. பொறுமையின் வடிவம், தாயைப் போன்றவர், மாறாத புன்னகை என்று எழுதிக் கொடுத்தேன். மேடையில் பேசியவர்களும் அதையே பேசினார்கள். இத்தனை வயதிலும் அவர் முகம் பளபளப்பதே நம் கிரீமுக்கு விளம்பரம் என்றார் ஒருவர். எல்லோரும் கை தட்டினார்கள். 31 வருடம் வேலை பார்த்தவரின் ஒரு பார்முலாகூட அன்று பேச்சில் வரவில்லை. வாழ்த்துரை எழுதிய எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு லோஷன். நான் சேர்ந்த புதிது. ஒரு கிலோ பீக்கரில் அருமையாக வந்தது. 40 டிகிரி ஓவனில் மூன்று மாதம் வைத்தும் பிரியவில்லை. 500 லிட்டர் டேங்கில் போட்டதும் பத்தே நாளில் மேலே எண்ணெய் மிதந்தது. நாங்கள் மூலப்பொருள் சப்ளையரைத் திட்டிக்கொண்டிருந்தோம். மேடம் யாரையும் குறை சொல்லவில்லை. அடுத்த பேட்ச் ஓடிய அன்று டேங்க் பக்கத்திலேயே நின்று, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையைக் குறித்தார். பீக்கர் அரை மணியில் ஆறிவிடும், டேங்க் ஆற ஐந்து மணி நேரம் பிடித்தது. அத்தனை நேரமும் ஸ்டிரர், அதாவது கலக்கும் கருவி, ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆறும்போது லோஷனில் உள்ள மெழுகு போன்ற சீட்டைல் ஆல்கஹால் இறுகி எண்ணெய்த் துளிகளைச் சுற்றி வலைபோலப் படிய வேண்டும். படியப் படிய ஸ்டிரர் அதைக் கிழித்துவிடுகிறது என்று கண்டுபிடித்தார். 43 டிகிரி வந்ததும் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். பார்முலாவில் ஒரு கிராம்கூட மாறவில்லை, லோஷன் பிரியாமல் நின்றது.

கிரீம் கலக்குவதெல்லாம் விஞ்ஞானமா என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணெயும் நீரும் இரண்டு வருடம் பிரியாமல் இருக்க வேண்டும், கிருமி வளரக் கூடாது, யார் தோலிலும் எரிச்சல் வரக் கூடாது. வேண்டுமென்றே பாக்டீரியாவைக் கலந்துவிட்டு, அவை சாகின்றனவா என்று 28 நாள் எண்ணிப் பார்க்கிறோம். இதற்கு வேறு என்ன பெயர்?

இதைச் சொல்லும்போது பாரபென் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கிரீமில் கிருமி வளராமல் காக்கச் சேர்க்கும் பிரிசர்வேட்டிவ் வகை அது. "பாரபென் இல்லாதது" என்று லேபிளில் போடுவதற்காக நிர்வாகம் பிரிசர்வேட்டிவை மாற்றச் சொன்னது. நீண்ட காலமாகப் பயன்பட்டதை விட்டுவிட்டு அனுபவம் குறைந்ததற்கு ஏன் போக வேண்டும் என்று மேடம் எழுத்தில் கேட்டார். பிற்போக்கு என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். அந்தக் காலத்தில் பாரபெனுக்குப் பதிலாகப் பல இடங்களில் நுழைந்த மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பிரிசர்வேட்டிவால் எத்தனை பேருக்கு ஒவ்வாமை வந்தது! 2013ல் அமெரிக்கத் தொடர்புத் தோலழற்சிச் சங்கம் அதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. கழுவாமல் தோலிலேயே விடும் பொருள்களில் அதற்குத் தடை விதித்து ஐரோப்பிய ஒன்றியம் 2016ல் விதி கொண்டுவந்தது. எல்லா பாரபெனும் ஒன்றல்ல, ஐந்து வகைக்கு 2014ல் அங்கேயே தடை வந்தது, எனக்கும் தெரியும். நான் பேசுவது மெத்தில், எத்தில் பாரபென் பற்றி. மேடம் சொன்னது சரி என்று அதற்குப் பிறகும் யாரும் அவரிடம் போய்ச் சொல்லவில்லை.

பெண் என்பதால் தனி மரியாதை கேட்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆண் மேலாளர்களின் பிரிவுபசார விழாக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். அவர்களுடைய காப்புரிமைகளை எண்ணிச் சொன்னார்கள், முகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அதே அளவுகோலைத்தான் கேட்கிறேன்.

ஹேசல் பிஷப் என்ற அமெரிக்க வேதியியலாளர் இரவுகளில் தன் சமையலறையிலேயே சோதனை செய்து, எளிதில் அழியாத லிப்ஸ்டிக்கை உருவாக்கி 1950ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். நான்கே வருடத்தில் வழக்கு, சமரசம் என்று நிறுவனம் அவர் கையை விட்டுப் போனது. டியூபின் மேல் அவர் பெயர் மட்டும் நின்றது. நம் துறையில் பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பெயர்கூட மிஞ்சுவதில்லை. பொருள் கடைக்குப் போகும், செய்தவர் நோட்டுக்குள் இருப்பார்.

அதனால் அவருடைய பழைய லேப் நோட்டுகளை எடுங்கள். மூன்று வேலைகளைத் தேர்ந்தெடுத்து, என்ன சிக்கல், அவர் என்ன செய்தார் என்று ஜூனியர்களைப் பேசச் சொல்லுங்கள். அப்புறம் அவரையே அரை மணி நேரம் பேசவிடுங்கள்.

நான் தாமதமாகத்தான் செய்தேன். விழா முடிந்து ஒரு மாதம் கழித்து அந்த லோஷனைப் பற்றி ஒரு பக்கம் எழுதி மேடம் வீட்டுக்கு எடுத்துப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நான் 45 டிகிரி என்று எழுதியிருந்ததை அடித்து 43 என்று திருத்தினார். பிறகு கீழே ஒரு வரி சேர்த்தார்: "ஸ்டிரர் சத்தம் மாறுகிறது என்று முதலில் சொன்னது டேங்க் ஆபரேட்டர்."