எம்.எம்.ஏ கட்டுரையை 1993-ல் தொடங்கலாமா?

எம்.எம்.ஏ (பல தற்காப்புக் கலைகளைக் கலந்த சண்டை விளையாட்டு) பற்றிய கட்டுரையை, 1993-ல் அமெரிக்காவில் தொடங்கிய யூ.எஃப்.சி போட்டியில் இருந்தே தொடங்கலாமா, அந்த முதல் போட்டியில் எடைப்பிரிவே இல்லாதது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். 1993-ல் தொடங்காதீர்கள், பாதிக் கதை போய்விடும். கிரேக்க ஒலிம்பிக்கில் கி.மு. 648-லேயே பங்க்ராஷன் (குத்தும் மல்யுத்தமும் கலந்த சண்டை) இருந்தது உண்மைதான், ஆனால் அங்கிருந்து இன்றைய எம்.எம்.ஏ-வுக்கு நேர்கோடு போடுவதில் எனக்கு உடன்பாடில்லை, ஒரு வரியோடு விட்டுவிடுங்கள். நிஜமான வேர் பிரேசிலின் வாலே டூடோ சண்டைகளும் (எந்தக் கலைக்காரரும் மோதலாம், விதிகள் மிகக் குறைவு) ஜியு-ஜிட்சு என்ற பிடிச்சண்டைக் கலையை அங்கே வளர்த்த கிரேசி குடும்பமும். அப்புறம் ஜப்பானையும் மறக்க வேண்டாம்: மல்யுத்த வீரர் சதோரு சயாமா 80-களிலேயே ஷூட்டோ என்ற கலப்புச் சண்டை முறையை உருவாக்கிவிட்டார், பான்கிரேஸ் என்ற ஜப்பானியப் போட்டியும் யூ.எஃப்.சியை இரண்டு மாதம் முந்திக்கொண்டது.

எடைப்பிரிவு இல்லாதது மறதி இல்லை. எந்தத் தற்காப்புக் கலை ஜெயிக்கும் என்று பார்ப்பதுதான் 1993 நவம்பர் 12 அன்று டென்வரில் நடந்த அந்தப் போட்டியின் நோக்கமே, அதனால்தான் ஒரு குத்துச்சண்டை வீரர் ஒற்றைக் கையில் மட்டும் கிளவுஸ் மாட்டிக்கொண்டு வந்த கூத்தெல்லாம் நடந்தது (அந்தச் சண்டையைத் தேடிப் பாருங்கள்). ஒல்லியான ஹோய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரைச் சரணடைய வைத்தார். போட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவருடைய அண்ணன் ரோரியன், ஆக அது ஜியு-ஜிட்சுவுக்கு விளம்பரமும்கூட. விதியே இல்லை என்பதும் மிகை, கடிப்பதும் கண்ணைத் தோண்டுவதும் அன்றே தடை.

அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெய்ன் இதைச் சேவல் சண்டையோடு ஒப்பிட்டு எதிர்த்தார், பல மாநிலங்கள் தடை செய்தன. அந்த நெருக்கடியில்தான் 1997-ல் எடைப்பிரிவும் கட்டாயக் கிளவுஸும் வந்தன, 2000-ல் நியூ ஜெர்சியில் பொது விதிகள் உருவாயின. கட்டுரையில் அதிக இடத்தை இதற்கே கொடுங்கள்.