1966 பேட்மேன் தொடரில் சுவர் ஏறும் காட்சியை எப்படி எடுத்தார்கள்?

பேட்மேனாக நடித்த ஆடம் வெஸ்டும், அவருடைய கூட்டாளி ராபினாக நடித்த பர்ட் வார்டும் நிஜமாகச் சுவர் ஏறவில்லை. சுவர் போன்ற செட்டைத் தரையில் படுக்க வைத்து, கேமராவைப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டார்கள். இருவரும் கயிற்றைப் பிடித்தபடி குனிந்து நடந்தால் போதும், திரையில் ஏறுவது போலவே தெரியும். அவர்கள் தோளிலிருந்து பின்னால் தொங்கும் மேலங்கியை உற்றுப் பாருங்கள்: அது கீழ்நோக்கித் தொங்குவதாகக் காட்ட, மெல்லிய கம்பியால் பின்பக்கம் இழுத்துப் பிடித்திருப்பார்கள். அப்புறம், நடுவே ஜன்னலைத் திறந்து ஜெர்ரி லூயிஸ், சாமி டேவிஸ் ஜூனியர் போன்ற பிரபலங்கள் எட்டிப் பார்ப்பார்களே, அந்த ஜன்னல் அவர்களுக்குத் தலைக்கு மேலே இருக்கும் ஒரு திறப்புதான்.

வில்லன்களின் கூடாரத்தில் மட்டும் கேமரா கோணலாக நிற்கும். அவர்கள் கோணல் புத்திக்காரர்கள் என்று காட்டத்தான். கிராபிக்ஸ் இல்லாத காலத்தில் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள், எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.