மிஷன் ஊழியத்தில் கிடைக்கும் ஆன்மிக வளர்ச்சி என்பது என்ன?

‘மிஷன் ஊழியத்துக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் தாங்கள் ஆன்மிகத்தில் வளர்ந்ததாகச் சொல்கிறார்கள். அந்த வளர்ச்சி எப்படிப்பட்டது? அது பரவச அனுபவமா, வேறு ஏதாவதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

சில ஆண்டுகள் ஒரு கிறிஸ்தவ மிஷனில் முழுநேர ஊழியனாக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பரவசம் இல்லை என்று சொல்லமாட்டேன்; ஆனால் அது அந்த வாழ்வின் மிகச் சிறிய பகுதி. என் அனுபவத்தில் வளர்ச்சியின் பெரும்பகுதி, நம்முடைய விருப்பத்தைக் கேட்காமல் நம்மீது சுமத்தப்படும் காரியங்களில்தான் நடக்கிறது. நடக்கும்போது அது வளர்ச்சியாகத் தெரிவதில்லை. பெரும்பாலும் எரிச்சலாகவும் களைப்பாகவும்தான் தெரிகிறது.

அப்படிச் சுமத்தப்படுபவற்றில் முதலாவது உடன் ஊழியர். இயேசு தம் சீடர்களை இருவர் இருவராக அனுப்பினார் என்று மாற்கு 6:7 சொல்கிறது. புத்தரோ தம் முதல் பிக்குகளை அனுப்பும்போது, இருவர் ஒரே வழியில் செல்ல வேண்டாம் என்றார் என்பது பௌத்த மரபு. இரண்டும் முரண்படுவதாகத் தோன்றலாம்; ஆனால் புத்தர் அனுப்பியவர்கள் பற்றறுத்து விடுதலை பெற்ற அரகந்தர்கள், இயேசு அனுப்பியவர்களோ தங்களில் யார் பெரியவன் என்று வழியிலேயே வாதிட்டுக்கொண்டவர்கள். பக்குவம் வராதவனுக்கு இன்னொரு மனிதன் பக்கத்திலேயே இருக்க வேண்டியிருக்கிறது. மார்மன்கள் என்று அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் இளைஞர்கள் இரண்டு ஆண்டுகளும் இளம்பெண்கள் 18 மாதங்களும் ஊழியம் செய்கிறார்கள். அங்கும் இருவர் இருவராகத்தான் வாழ வேண்டும், துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை, சில வாரங்களிலோ மாதங்களிலோ அந்தத் துணையும் மாற்றப்படுகிறது.

இந்த ஏற்பாட்டின் கூர்மை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரிவது கடினம். குடும்பத்தில் சண்டை வந்தால் வெளியே போய்விடலாம், அலுவலகத்தில் வந்தால் மாலையில் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். பணித்தளத்தில் காலையில் யாரோடு மனம் கசந்ததோ அவரோடுதான் அன்று முழுவதும் நடக்க வேண்டும், அவர் பேசும்போது ஆமோதிக்க வேண்டும், இரவில் அவர் அருகில் முழங்காலிட வேண்டும். கசப்போடு முழங்காலிட முடியாது என்று பிரசங்கங்களில் சொல்வார்கள். தாராளமாக முடியும், ஜெபம்தான் வராது. வாயில் வார்த்தைகள் ஓடும், உள்ளே காலையில் நடந்த வாக்குவாதம் ஓடும். அந்த நிலையில் ஒருவனுக்கு இரண்டே வழிகள்: ஜெபிப்பதுபோல் நடிக்கப் பழகிக்கொள்வது, அல்லது எழுந்து பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது. மன்னிப்பைப் பற்றி எத்தனையோ செய்திகள் கேட்டிருந்தும், அது மனநிலை அல்ல, ஒரு செயல் என்பதை இந்த நெருக்கடிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

இரண்டாவது, பலன் தெரியாமல் உழைப்பது. ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி 1793இல் வங்காளத்துக்கு வந்தார். அவர் பணியில் முதல் இந்துவாகக் கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில். 1813இல் பர்மாவுக்குச் சென்ற அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் முதல் விசுவாசியைக் கண்டது 1819இல். அந்த ஆண்டுகளில் இவர்கள் மொழி கற்றார்கள், மொழிபெயர்த்தார்கள், காய்ச்சலில் படுத்தார்கள், பிள்ளைகளை அடக்கம் செய்தார்கள். பின்னாளில் கேரியின் மிஷன் நடத்திய செராம்பூர் அச்சகம் 1812 மார்ச்சில் தீப்பற்றி, பல ஆண்டு உழைப்பின் கையெழுத்துப் பிரதிகள் சாம்பலானபோது, கேரி அதே வேலையை மறுபடியும் தொடங்கினார். வெற்றியை மட்டும் பழகியவர் இதைச் செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. நிராகரிப்பைத் தொடர்ந்து சந்திப்பவன் ஒரு கட்டத்தில், ‘நான் கடவுளுக்காக உழைக்கிறேனா, என் வெற்றிக்காக உழைக்கிறேனா?’ என்று தன்னையே கேட்டாக வேண்டும். மாத அறிக்கையில் எண்ணிக்கை கேட்கும் மிஷன்கள் இந்தக் கேள்வியை ஊழியரிடமிருந்து பறித்துவிடுகின்றன என்பது என் கருத்து. நிர்வாகத்துக்கு அறிக்கை தேவைதான், ஆனால் எண்கள் கூடினால் கிருபை, குறைந்தால் பாவம் என்று எண்ணும் பழக்கம் உள்ளத்துக்குக் கேடு.

ஜெபமும் மாறுகிறது. ஊழியத்துக்கு முன் என் ஜெபம் பெரும்பாலும் விண்ணப்பங்களின் பட்டியல். நோயாளியின் கட்டிலருகிலும் குடிகாரரின் மனைவிக்கு முன்னாலும் நாள்தோறும் உட்கார வேண்டியிருந்தபோது, சொல்ல எதுவும் இல்லாமல் அந்த மனிதரைக் கடவுள் முன் நினைத்துக்கொண்டிருப்பதே ஜெபமாகிப் போனது. இதில் உணர்ச்சிப் பெருக்கை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறக்கூடும். அன்னை தெரேசா 1948இல் கொல்கத்தாவின் சேரிகளில் பணியைத் தொடங்கியவர். 2007இல் வெளியான அவருடைய கடிதங்கள், பல பத்தாண்டுகள் கடவுளின் அருகாமையை உணராமலேயே அவர் அந்தப் பணியைச் செய்துவந்ததைக் காட்டின. சிலர் அதைக் கண்டு அதிர்ந்தார்கள். எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது, ஏனெனில் உணர்வு வற்றிய பின்னும் அதிகாலையில் எழுந்து கடமையைச் செய்யும் விசுவாசம்தான் ஊழியத்தில் நாள்தோறும் தேவைப்படுகிறது.

தொண்டில் ஆன்மிக வளர்ச்சி உண்டா என்ற இந்தக் கேள்வி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. 1897இல் விவேகானந்தர் இராமகிருஷ்ண மிஷனை நிறுவியபோது, தொண்டு தியானத்திலிருந்து மனதை விலக்கிவிடாதா என்ற ஐயம் அவருடைய சகோதரத் துறவிகளிடமே இருந்தது. தன் விடுதலையும் உலக நன்மையும் ஒரே குறிக்கோளின் இரு பகுதிகள் என்பது அவர் நிலைப்பாடு. அதே ஆண்டு முர்ஷிதாபாத் பகுதியில் பஞ்ச நிவாரணத்தில் இறங்கிய சகோதரத் துறவி அகண்டானந்தர் அதைச் செயலில் காட்டினார். கத்தோலிக்கத் துறவற அமைப்பான இயேசு சபையில் புகுமுகத் துறவிகளை ஒரு மாதம் மருத்துவமனையில் பணிவிடை செய்யவும், ஒரு மாதம் கையில் பணமின்றி யாத்திரை போகவும் வைக்கும் வழக்கத்தை அதன் நிறுவனர் இஞ்ஞாசியார் ஏற்படுத்தியதும் இதே எண்ணத்தில்தான் என்று நினைக்கிறேன்: தாழ்மையைப் படித்து அறிய முடியாது.

ஆனால் ஊழியம் தானாகவே ஒருவரைப் பரிசுத்தமாக்கிவிடும் என்று நம்பிப் போகாதீர்கள். வீட்டை விட்டு வந்தவன் என்ற மதிப்பு, சாட்சி சொல்லும் மேடை, காலில் விழும் மக்கள் எல்லாம் சேர்ந்து ஒருவகைப் பெருமையை வளர்க்கும். தியாகத்தின் உடையில் வருவதால் அதை அடையாளம் காண்பது மற்றப் பெருமைகளைவிடக் கடினம். மற்ற மதத்தவரிடம் பேசப் போய், அவர்கள் பக்தியின் ஆழத்தைக் கண்ட பிறகும், கேட்கக் கற்காமல் திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வருவதும் ஊழியத்தின் ஒரு பகுதிதான், ஆனால் அதற்கு யாரும் பயிற்சி தருவதில்லை. பணித்தளத்தில் நேர அட்டவணை, உடன் ஊழியர், மேற்பார்வை எல்லாம் நம்மை எழுப்பி நிறுத்தின. வீட்டில் அவை இல்லை. முதல் சில மாதங்கள் வேத வாசிப்பு தளர்ந்து, ‘பெற்றதெல்லாம் போய்விட்டதோ’ என்ற பயம் வருவது இயல்பு. அதற்குள் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். எனக்கு அதிகாலை ஒழுங்கு முழுமையாகத் திரும்பவில்லை. ஒருவரோடு மனம் கசந்தால் அன்றே போய்ப் பேசிவிடும் பழக்கம் மட்டும் போகவில்லை. கேட்பவர் யாரும் இல்லாதபோதும், பிறருக்காக ஜெபிப்பது நிற்கவில்லை.