இங்கிலீஷ் ஓப்பரா குறூப்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கல்லடி வாசகர்: சிற்றரங்க ஓப்பரா என்பது எவ்வாறு வேறுபட்டது?

பதில்: ஓப்பரா என்பது பாடியே நடிக்கும் மேலைநாட்டு இசைநாடகம். பேரரங்க ஓப்பராவுக்குப் பெரிய வாத்தியக் குழுவும் பாடகர் கூட்டமும் வேண்டும். ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிற்றனோ, 1946 இல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் அரங்கில் மேடையேறிய லுக்ரீஷியா பற்றிய தமது ஓப்பராவை 8 பாடகர், 13 வாத்தியக்காரர் என்ற அளவுக்குள் எழுதினார். அடுத்த ஆண்டு நாடக நெறியாளர் எரிக் குரோசியர், ஓவியர் ஜோன் பைப்பர் ஆகியோருடன் சேர்ந்து அவர் அமைத்ததே இக்குழு. ஆட்கள் குறைந்ததால் இசை மெலிந்துவிடவில்லை. ஒவ்வொரு வாத்தியமும் தனித்துக் கேட்பதால், பிழைவிட்டு ஒளிந்துகொள்ள எவருக்கும் இடமில்லை.

களுவாஞ்சிக்குடி வாசகர்: உலகப் புகழ் எவ்வாறு கிடைத்தது?

பதில்: பயணத்தால் கிடைத்தது. 1947 இலேயே ஒல்லாந்துக்கும் சுவிற்சர்லாந்துக்கும் சென்றார்கள். அப்பயணத்தின்போதுதான், வெளிநாட்டு விழாக்களுக்கு அலைவதை விடச் சொந்த ஊரில் ஒரு விழா வைத்தால் என்ன என்று பாடகர் பீற்றர் பியர்ஸ் கேட்க, 1948 இல் இங்கிலாந்தின் ஓல்ட்பறோ என்னும் அவ்வூரில் இசை விழா பிறந்தது. 1954 இல் பேயுருக்கள் நடமாடும் 'த ரேண் ஒவ் த ஸ்குறூ' ஓப்பரா முதன்முதலில் மேடையேறியது இலண்டனில் அல்ல, வெனிஸ் நகரின் லா பெனீச்சே அரங்கில். 1964 இல் சோவியத் ஒன்றியத்துக்கும் போனார்கள். இத்தனைக்கும் அரங்கு நிறைந்தாலும் பயணச் செலவு கட்டுப்படியாகாதது அவர்களது தீராத தொல்லை.

ஆரையம்பதி வாசகர்: எமது கூத்தோடு ஒப்பிடத்தக்கது ஏதும் உண்டா?

பதில்: பிரிற்றனின் 'கேர்லியூ றிவர்' (1964) உண்டு. 1956 இல் தோக்கியோவில் பார்த்த 'சுமிதகாவா' என்னும் 'நோ' நாடகம் (யப்பானின் மரபுவழி இசைநாடகம்) பிரிற்றனை உலுக்கியது. மகனைத் தேடிப் பித்தாகி ஆற்றங்கரைக்கு வரும் தாயின் அக்கதையை இங்கிலாந்தின் சதுப்பு நிலத்துக்கு மாற்றி, துறவிகள் நடிக்கும் கிறிஸ்தவ நாடகமாக்கி, ஒர்ஃபோர்ட் தேவாலயத்தில் மேடையேற்றினார். தாய் உட்பட எல்லாப் பாத்திரங்களையும் ஆண்களே ஏற்றார்கள். பழைய கூத்துக் களரியிலும் அதுவே வழக்கம். ஆனால் எமது கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்துடன் களரியிலேயே நின்று ஆட்டத்தை நடத்துவார். 'கேர்லியூ றிவரி'ல் இசையை நடத்துபவரே இல்லை. 7 வாத்தியக்காரரும் பாடகரும் ஒருவரை ஒருவர் செவிகொடுத்துக் கேட்டே முன்னேற வேண்டும். என் கணிப்பில் குழுவின் உச்சம் இதுவே.

அக்கரைப்பற்று வாசகர்: குழு இன்றும் இயங்குகின்றதா?

பதில்: இல்லை. 1961 முதல் இலண்டனின் றோயல் ஓப்பரா ஹவுஸ் அரங்கம் அதன் நிர்வாகத்தைப் பார்த்தது; 1975 இல் பெயர் மாறியது; 1980 இல் இயக்கம் நின்றது. அந்த ஓப்பராக்களைச் சிறு குழுக்கள் இன்றும் பல நாடுகளில் மேடையேற்றுகின்றன.