சப்ளையர் கூப்பிடும் விருந்துக்குப் போகலாமா?

கேள்வி: அக்கா, நான் பீன்யாவில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். புது மோல்டை (அச்சை) ஓட்டிப் பார்க்கும் டிரையலுக்காக முதல் தடவையாகச் சீனா போகிறேன், டோங்குவானுக்கு. கோழி, மீன் சாப்பிடுவேன். மாடு, பன்றி வேண்டாம். குடிப்பழக்கம் கிடையாது. ராத்திரி சப்ளையர் விருந்துக்கு அழைப்பார் என்கிறார்கள். அம்மா புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கட்டித் தருகிறார். பேசாமல் ரூமிலேயே சாப்பிட்டுக்கொள்ளட்டுமா?
— வாசகர், பெங்களூரு

பதில்: பொடியைக் கொண்டு போங்கள் தம்பி, காலை அவசரத்துக்கு உதவும். ராத்திரி மட்டும் ரூமில் உட்கார்ந்துவிடாதீர்கள். நான் டோங்குவான் இருக்கும் அதே குவாங்டாங் மாகாணத்துக்குப் பேக்கிங் மெஷின் உதிரிபாகம் வாங்கப் பல வருஷமாகப் போய் வருகிறேன். பகல் மீட்டிங்கில் எதைக் கேட்டாலும் 'சரி, முடித்துவிடலாம்' என்கிற முதலாளி, சாப்பாட்டு மேஜையில்தான் எந்த வேலையை வெளியே கொடுத்திருக்கிறார், எந்தத் தேதி நிஜமாக நடக்கும் என்று மனசு விட்டுச் சொல்வார். அந்தப் பேச்சு உங்களுக்கு வேண்டும்.

சாப்பிடாததை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மேஜையில் எல்லாம் வந்த பிறகு சொன்னால் ஆர்டர் செய்தவர் முகம் வாடிப்போகும். உங்களோடு ஆங்கிலத்தில் பேசும் சேல்ஸ் பெண்ணுக்கு வீசாட்டில் (சீனாவின் வாட்ஸ்அப் மாதிரி) எழுதுங்கள்: மாடும் பன்றியும் வேண்டாம், கோழியும் மீனும் விரும்பிச் சாப்பிடுவேன். இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள், அதை வைத்துத்தான் ஹோட்டலையே முடிவு செய்வார்கள். அப்புறமும் கவனம் தேவை. பீன்ஸ் வறுவலிலும் டோஃபுவிலும் கொத்திய பன்றிக்கறி தூவியிருக்கும். அங்கே அது காய்கறி அயிட்டம்தான்.

குவாங்டாங் சமையலில் காரம் குறைவு. ஹோட்டலில் தொட்டிகளில் மீன் நீந்தும். உயிரோடு காட்டிவிட்டுத்தான் சமைப்பார்கள். இஞ்சி, வெங்காயத்தாள் போட்டு ஆவியில் வேகவைத்து, மேலே சூடான எண்ணெயும் சோயா சாஸும் ஊற்றி வரும். குழம்பு மீன் தின்று வளர்ந்த எனக்கு, மீனுக்கென்று இவ்வளவு தித்திப்பு உண்டு என்பது அங்கேதான் தெரிந்தது. மேல்பக்கம் தீர்ந்ததும் திருப்பிப் போடாதீர்கள். படகு கவிழ்ந்துவிடும் என்று கடலோரக்காரர்கள் நம்புகிறார்கள். நடுமுள்ளை எடுத்துவிட்டு அடிப்பக்கத்தைச் சாப்பிடுவது வழக்கம்.

காலையில் டிம்சம் (டீயோடு சாப்பிடும் சின்னச் சின்னப் பலகாரங்கள்) சாப்பிட அழைத்தால் கட்டாயம் போங்கள். மூங்கில் கூடையில் கோழிப்பாதம் வரும். பொரித்து, ஊறவைத்து, புளிக்கவைத்த கறுப்பு சோயாவோடு வேகவைத்தது. நம் ஆட்டுக்கால் பாயா மாதிரிதான், வாயிலேயே தோல் கழன்றுவிடும்; எலும்பைத் தட்டில் துப்பினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். இறால் கொழுக்கட்டையில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். கறுத்த வாத்து முட்டையையும் பார்ப்பீர்கள். சுண்ணாம்பு, உப்பு, சாம்பலில் வாரக்கணக்கில் வைத்துப் பக்குவப்படுத்துவது. லேசாக அமோனியா வாடை அடிக்கும். கஞ்சியில் பெரும்பாலும் பன்றியோடு சேர்த்துப் போடுவார்கள் என்பதால் உங்களுக்கு அது சரிப்படாது. தனியாக இஞ்சி, வினிகரோடு வந்தால் ஒரு துண்டு எடுத்துப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடிக்கும்.

உட்கார்ந்ததும் ஊற்றும் முதல் சுற்று டீ பெரும்பாலும் கிண்ணத்தையும் சாப்ஸ்டிக்கையும் அலச; மற்றவர்கள் செய்வதைப் பார்த்துவிட்டுக் குடியுங்கள். பிறகு யாராவது உங்களுக்கு டீ ஊற்றினால் இரண்டு விரலால் மேஜையை மெல்லத் தட்டுங்கள், அதுவே நன்றி.

பைஜியு என்ற சாராயத்தில் 50 சதவீதம், அதற்கு மேலும்கூட ஆல்கஹால் இருக்கும். குடிக்காதவர் முதல் சுற்றிலேயே டீயைக் கையில் எடுத்துவிட வேண்டும். ஒரு வாய் என்று தொடங்கினால் ஒவ்வொருவராக எழுந்து வருவார்கள். ஒருவரோடு குடித்துவிட்டு அடுத்தவரிடம் மறுப்பது கஷ்டம். டீக்கோப்பையோடு நீங்களே எழுந்து போங்கள். முதலாளிக்கு மட்டுமில்லை, உங்கள் மோல்டுக்குப் பாலிஷ் போட்ட தொழிலாளி மேஜையில் இருந்தால் அவருக்கும் வாழ்த்துச் சொல்லுங்கள். கோப்பையை இடிக்கும்போது உங்களுடையது கொஞ்சம் தாழ்வாக இருக்கட்டும்.

பில்லுக்குக் கை நீட்ட வேண்டாம், அழைத்தவர்தான் கொடுப்பார். கிளம்பும் முன் ஒரு மதியச் சாப்பாடு உங்கள் செலவில் இருக்கட்டும். அலிபே என்ற பணம் செலுத்தும் ஆப்பில் இன்டர்நேஷனல் கார்டை இங்கேயே இணைத்து வையுங்கள்.

கேள்வி: நான் சுத்த சைவம். குவாங்சோவில் நடக்கும் கான்டன் ஃபேர் வர்த்தகக் கண்காட்சிக்குப் போகிறேன். பட்டினிதானா?
— வாசகி, மல்லேஸ்வரம்

பதில்: இல்லவே இல்லை. பெரிய நகரங்களில் பௌத்த சைவ உணவகங்கள் இருக்கின்றன. கோயில் மரபைப் பின்பற்றும் இடங்களில் வெங்காயம், பூண்டு கூடச் சேர்க்க மாட்டார்கள். மற்ற ஹோட்டல்களில் 'சைவம்' என்று மட்டும் சொன்னால் போதாது, கீரையில்கூடச் சிப்பி சாஸ் விடுவார்கள். சிப்பி சாஸ், கோழி சூப், பன்றிக் கொழுப்பு, முட்டை என்று வேண்டாததை ஒவ்வொன்றாகச் சீன எழுத்தில் போனில் வைத்துக் காட்டுங்கள். வள்ளைக்கீரை, பாகற்காய், வெண்பூசணி, கத்தரிக்காய் எல்லாம் அங்கே அருமையாகக் கிடைக்கும்.

கேள்வி: மெஷின் பொருத்தச் சீன டெக்னீஷியன்கள் எங்கள் ஃபேக்டரிக்கு வருகிறார்கள். எப்படிக் கவனிப்பது?
— வாசகர், ஒயிட்ஃபீல்டு

பதில்: முதலில் சுடுதண்ணீர். ஃபேக்டரியிலும் ரூமிலும் ஒரு ஃபிளாஸ்க் எப்போதும் இருக்கட்டும். ஆளுக்கொரு தட்டு மீல்ஸைவிட, பல அயிட்டம் வாங்கி நடுவில் வைத்துப் பகிர்ந்தால் அவர்களுக்குப் பழகிய முறையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவர்களை ரூமில் தனியாக விடாதீர்கள். லால்பாகில் நடந்துவிட்டு, பக்கத்திலேயே 1924இல் தொடங்கிய எம்.டி.ஆர் ஹோட்டலுக்கு அழைத்துப் போங்கள். ரவா இட்லி வாங்கிக் கொடுங்கள். கூட்டம் சேர்ந்துவிடும், காலை 7 மணிக்கே போய்விடுவது நல்லது.