டிரங்குப் பெட்டிக்குள் எத்தனை மீட்டர்?

அன்புள்ள அக்கா,

உங்கள் அம்மாவின் மார்கழி மாதப் பின்னல் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்த கையோடு இதை எழுதுகிறேன். நான் கோத்தகிரிக்காரி. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. கம்பளி பின்னுவது பதினாறு வயதிலிருந்து பழக்கம்.

இப்போது வீட்டில் மூன்று டிரங்குப் பெட்டி நிறைய நூல் இருக்கிறது. பாதிக்கு மேல் லேபிள் இல்லை. நாற்பது ஊசி இருக்கும், எது என்ன அளவென்று தெரியவில்லை. அரைகுறையாக நிற்பவை பதினொன்று. அதில் ஒன்று அப்பாவுக்காகத் தொடங்கியது. அவர் போய் நான்கு வருடமாகியும் ஊசியோடு அப்படியே கிடக்கிறது.

இதையெல்லாம் ஒழுங்கு செய்யலாம் என்று மகள் என்னைப் பின்னல்காரர்களுக்கான ராவல்ரி என்ற இணையதளத்தில் சேர்த்துவிட்டாள். பார்த்தால் உலகத்துப் பின்னல்காரர்கள் எல்லாம் தங்கள் நூலைப் படம் பிடித்துப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். எனக்கு மலைப்பாக இருக்கிறது. ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் போதாதா? முடிக்காமல் விட்டதையெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் முன்னால் வைக்கவும் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகி, கோத்தகிரி

*

அன்புள்ள தங்கைக்கு,

நாற்பது ஊசி என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். நூலை எண்ணுவதற்கு முன்னால் ஊசியை அளந்துவிட வேண்டும்.

நம் ஊரில் பின்னல் ஊசிக்குப் பழைய ஆங்கிலேய எண்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. எண் ஏற ஏற ஊசி மெலியும். 8ஆம் நம்பர் 4 மில்லிமீட்டர், 10ஆம் நம்பர் 3.25, 12ஆம் நம்பர் 2.75. அமெரிக்க எண் இதற்கு நேர் எதிர், அங்கே எண் ஏறினால் ஊசி தடிக்கும். அவர்களுடைய 8 என்பது 5 மில்லிமீட்டர். அமெரிக்கப் பேட்டர்னில், அதாவது பின்னும் செய்முறைக் குறிப்பில், 8 என்று போட்டிருப்பதைப் பார்த்து நம் 8ஆம் நம்பரை எடுத்தால் துணி அட்டை மாதிரி இறுகும், அளவும் குறுகிவிடும். அதனால் எண்ணை மறந்துவிட்டு எல்லா ஊசியையும் மில்லிமீட்டரில் எழுதுங்கள். ஊசி அளக்க ஓட்டை போட்ட தகடு ஒன்று கிடைக்கும். எந்த ஓட்டையில் ஊசி பிடித்தும் பிடிக்காமலும் நுழைகிறதோ அதுதான் அளவு. உங்களுக்குப் பக்கத்திலேயே, கேத்தியில், 1949இல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் இருக்கிறது. அவர்களுடைய போனி ஊசிகள் எத்தனையோ நாட்டுப் பின்னல் பைகளில் கிடக்கின்றன. ராவல்ரியில் யாராவது தன் ஊசிப் பட்டியலில் போனி என்று போட்டிருந்தால் எனக்கு நீலகிரியின் குளிர் ஞாபகம் வந்துவிடும்.

இனி நோட்டுப் புத்தகம். போதும் என்றுதான் நானும் இருந்தேன். ஒரு பச்சை அட்டை நோட்டு இருபது வருடம் என்னிடம் இருந்தது. ஸ்வெட்டர் யாருக்கு, மார்பு அளவு என்ன, எந்தக் கடையில் நூல் வாங்கினேன் என்பதெல்லாம் அதில் இருக்கும். லேபிளை மட்டும் தூர எறிந்துவிடுவேன். அண்ணன் பேத்திக்கு ஒரு மெரூன் ஸ்வெட்டர் பின்னியபோது இரண்டாவது கை பாதியில் நூல் தீர்ந்தது. அதே கடை, அதே கம்பெனி, அதே ஷேடு நம்பர் என்றுதான் இன்னொரு கண்டு வாங்கி வந்தேன். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிந்தது. மறுநாள் வெயிலில் பார்த்தால் முழங்கைக்குக் கீழே வேறு சிவப்பு. சாயம் ஏற்றும் ஒவ்வொரு தடவைக்கும் லேபிளில் ஒரு தனி லாட் நம்பர் இருக்கும். ஷேடு ஒன்றாக இருந்தாலும் லாட் மாறினால் நிறம் ஒரு நூல் அளவாவது விலகும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இரண்டு கையையும் பிரித்து, பழைய கண்டில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னி வித்தியாசத்தைக் கரைத்தேன். உங்களிடம் லேபிள் மிச்சமிருக்கும் கண்டுகளுக்கு முதல் வேலையாக லாட் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நோட்டு நம்முடைய ஞாபகத்துக்கு உதவும். ஆனால் அதனிடம் கேள்வி கேட்க முடியாது. ராவல்ரியை 2007இல் பாஸ்டனில் ஜெசிகா, காசிடி ஃபோர்ப்ஸ் இணையர் தொடங்கியதே இந்தக் குறையைத் தீர்க்கத்தான். ஒரு பேட்டர்னை யார் யார் பின்னினார்கள், எந்த நூலில், எப்படி வந்தது என்ற விவரமெல்லாம் அப்போது இணையத்தில் மூலைக்கொன்றாகச் சிதறிக் கிடந்தது. இவர்கள் அவற்றை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டார்கள். அங்கே உங்கள் கையிருப்புப் பட்டியலில் ஒரு நூலைச் சேர்த்தால் அது அந்த நூலுக்கான பொதுப் பக்கத்தோடு சேர்ந்துகொள்ளும். அதே நூலில் இன்னொருத்தி பின்னிய சால்வையை அங்கே படத்தோடு பார்க்கலாம். துவைத்ததும் நீண்டுவிட்டது, பிசிறு உருண்டை கட்டியது, சாயம் விட்டது என்றெல்லாம் அவள் எழுதிவைத்திருப்பாள். என் பச்சை நோட்டில் ஒருநாளும் கிடைக்காத தகவல் அது.

இதனால்தான் உங்களைப் போன்றவர்கள் எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மெரினோ என்கிற மென்மையான கம்பளி நூல்களுக்கு அங்கே பதிவுகள் கொட்டிக் கிடக்கின்றன. நம் கடைகளில் விற்கும் லூதியானா அக்ரிலிக் என்கிற செயற்கை நூலைப் பற்றி, நீலகிரி ஈரத்தில் அது எப்படிக் காய்கிறது என்பது பற்றி எழுத உங்களைவிடத் தகுதியான ஆள் யார்?

பெட்டியைத் திறக்கும்போது ஒரு சமையலறைத் தராசைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் எடை சொல்லி விற்கிறார்கள், நாமும் எடையையே ஞாபகம் வைத்திருக்கிறோம். ஆனால் ஸ்வெட்டருக்கு வேண்டியது நீளம். மெல்லிய 4 பிளை நூல் 100 கிராமுக்கு ஏறத்தாழ 400 மீட்டர் ஓடும். டிகே என்கிற அடுத்த தடிமன் அதே 100 கிராமுக்கு 200, 230 மீட்டரோடு நின்றுவிடும். இரண்டும் கையில் ஒரே கனம்தான். லேபிளில் மீட்டர் இருந்தால் மிச்சத்தைக் கணக்குப் போடுவது சுலபம். 100 கிராம் 400 மீட்டர் என்றால், மிஞ்சிய 37 கிராமில் 148 மீட்டர் இருக்கிறது. குழந்தைக்கு ஒரு குல்லாய்க்குத் தாராளம். கையிருப்புப் பக்கத்தில் மீட்டரையும் தடிமனையும் போட்டுவிட்டு, அந்த மீட்டருக்குள் முடிகிற பேட்டர்ன்களை மட்டும் காட்டு என்று தேட முடியும். நான் புது நூல் வாங்குவதைக் குறைத்தது இந்த ஒரு வசதியால்தான். முன்பெல்லாம் பேட்டர்னைப் பிடித்துப்போய் நூலைத் தேடி அலைவேன். இப்போது நூல் என்னிடம் இருக்கிறது, பேட்டர்னைத் தேடுகிறேன்.

லேபிள் இல்லாதவற்றை ஒரு சாணளவு வெட்டி, இடுக்கியில் பிடித்துத் தட்டின் மேல் வைத்து எரித்துப் பாருங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். கம்பளி என்றால் முடி பொசுங்கும் வாடை வரும், தீயை எடுத்ததும் அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாக உறையும். பூச்சியரித்த தடம் தெரிந்தால் அந்தக் கண்டைத் தனிப் பையில் கட்டி ஒதுக்கிவிடுங்கள். அதன் புழு தின்பது கம்பளியைத்தான், ஒரு கண்டிலிருந்து பெட்டி முழுக்கப் பரவிவிடும்.

மூன்று பெட்டியையும் ஒரே நாளில் ஏற்றப் பார்க்காதீர்கள். நாளைக்கு ஐந்து கண்டு போதும். படத்தைப் பகல் வெளிச்சத்தில், திண்ணையில் வைத்து எடுங்கள். பட்டியலை அவ்வப்போது எக்செல் கோப்பாக இறக்கி மகளிடம் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள்.

கூச்சத்துக்கு வருகிறேன். அங்கே உங்கள் சொந்தப் பெயர் வேண்டாம், ஒரு புனைபெயர் போதும். முடிக்காதவை பற்றியும் கவலை வேண்டாம். ஒவ்வொரு பின்னலுக்கும் நிலை குறிக்க நான்கு சொல் வைத்திருக்கிறார்கள். நடக்கிறது, முடிந்தது இரண்டும் எல்லோருக்கும் புரியும். மூன்றாவது, குளிர்கால உறக்கத்தில் இருக்கிறது என்று பொருள்படும் ஹைபர்னேட்டிங். நான்காவது ஃப்ராக்டு, பிரித்துவிட்டேன் என்பது. ஆங்கிலத்தில் பிரித்துப் போடு என்பதற்கான ‘ரிப் இட், ரிப் இட்’ தவளை கத்துவது போல இருப்பதால் தவளை பெயரில் அந்தச் சொல்லைப் பிடித்திருக்கிறார்கள். பிரித்ததற்குத் தனியாக ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் பாருங்கள், எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. நான் ஒரு பேட்டர்னைத் தொடங்குமுன் முதலில் தேடிப் படிப்பதும் பிரித்தவர்களின் குறிப்பைத்தான். கழுத்துக்குள் தலை நுழையவில்லை, 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி (ஊசியில் ஏறும் நூல் வளையம்) சொன்னார்கள் எனக்கு 20தான் வந்தது என்று எழுதியிருப்பார்கள். இரண்டு கண்ணி சின்ன விஷயமில்லை. 100 சென்டிமீட்டர் மார்புக்கு 220 கண்ணி போட்டுவிட்டு, 20 கண்ணிக் கணக்கில் பின்னினால் 110 சென்டிமீட்டர் வந்து நிற்கும். இந்த ஒரு குறிப்பை எழுதிவைத்தவர் எத்தனை பேருடைய உழைப்பைக் காப்பாற்றியிருப்பார்! உங்கள் பதினொன்றில் எதைப் பிரித்தாலும் ஏன் பிரித்தீர்கள் என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

அப்பாவின் ஸ்வெட்டரைப் பற்றி. அதை முடிக்கச் சொல்லவோ பிரிக்கச் சொல்லவோ எனக்கு உரிமை இல்லை. ஊசியை மட்டும் உருவிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நான்கு வருடமாகக் கண்ணிகள் ஊசியின் மேல் இழுபட்டு நிற்கின்றன. பழைய எஃகு ஊசியானால் உங்கள் ஊர் ஈரத்துக்குத் துருக்கறையும் ஏறும். வேறு நிறத்தில் ஒரு பருத்தி நூலைத் தையல் ஊசியில் கோத்து, ஒவ்வொரு கண்ணியாக அதற்கு மாற்றுங்கள். இரண்டு முனையையும் முடிச்சிடுங்கள். கண்ணி ஒன்றும் நழுவாது, எத்தனை வருடமானாலும் காத்திருக்கும். ஒரு துண்டு அட்டையில் ஊசி அளவு, நூலின் லாட் நம்பர், எத்தனையாவது வரிசையில் நிற்கிறீர்கள், முன்பக்கமா பின்பக்கமா என்று எழுதித் துணியோடு கட்டிவையுங்கள். ராவல்ரியிலும் அதை ஹைபர்னேட்டிங் என்றே போடுங்கள். மிச்சமுள்ள நூல் கண்டுகளை மற்றதோடு கலக்காமல் அதே பையில் வையுங்கள்.

உருவிய ஊசியை மறக்காமல் அளந்து எழுதுங்கள், தங்கையே. அது உங்கள் நாற்பதில் ஒன்று.

அன்புடன்,
அக்கா